ஆளா லேட், நேரமா லேட்?

கேள்வி கேட்டவர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறார். அவர் கேட்டது சுருக்கமாக இதுதான்: சாட்டில் 'ஐ காட் லேட்' என்று எழுதினால் லண்டனில் இருக்கும் மேனேஜர் பதிலில் 'ஓ, யூ ஆர் ரன்னிங் லேட்?' என்று நாசூக்காகத் திருத்துகிறார். 'ஐ ஆம் கெட்டிங் லேட்' தப்பு என்கிறார் மனைவி, ஆனால் ஏன் தப்பு என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இதற்கு நடுவில் மகனின் பள்ளிப் படிவத்தில் தாத்தா பெயர் கேட்டிருக்கிறார்கள், தாத்தா இறந்துவிட்டார், பெயருக்கு முன் 'லேட்' போட வேண்டுமா? இவ்வளவு சின்னச் சொல்லில் இத்தனை சிக்கல் ஏன், சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

முதலில் நேரடிப் பதில். இந்தியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு எழுதும்போது 'ஐ காட் லேட்', 'ஐ ஆம் கெட்டிங் லேட்' இரண்டையும் விட்டுவிடுங்கள். போய்ச் சேர்வதற்கு முன்னால் 'ஐ ஆம் ரன்னிங் லேட்', போய்ச் சேர்ந்ததும் 'சாரி ஐ ஆம் லேட்'. தாத்தா பெயருக்கு முன் எதுவும் வேண்டாம், பெயர் கேட்டால் பெயர் மட்டும் எழுதுங்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது போதும். காரணம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

இந்தச் சொல்லில் நாம் தடுக்கி விழுவதற்கு முக்கியக் காரணம், அது நமக்கு அளவுக்கு மேல் பழகிவிட்டதுதான். 'லேட்' இன்றைக்குப் பாதித் தமிழ்ச்சொல். லேட் ஆச்சு, லேட் பண்ணாதே, லேட்டா வந்தான், பஸ் லேட், லேட்டுக்கு என்ன காரணம் என்று எல்லா வேற்றுமையும் ஏற்றி, எல்லா வினையோடும் சேர்த்துப் பேசுகிறோம். கவனித்துப் பாருங்கள், இந்த இடங்களிலெல்லாம் 'தாமதம்' என்று போட்டாலும் வாக்கியம் நிற்கும். அதாவது தமிழுக்குள் வந்தபோது லேட் ஒரு பெயர்ச்சொல்லாக மாறிவிட்டது. ஆங்கிலத்தில் அது அப்படி இல்லை. அங்கே அது ஒன்று பெயரைச் சிறப்பிக்கும் சொல், இல்லையென்றால் வினையைச் சிறப்பிக்கும் சொல். தாமதம் என்ற பொருளில் பெயர்ச்சொல்லாக அது வருவதே இல்லை.

இதை மட்டும் பிடித்துக்கொண்டால் நம் ஊர் ஆங்கிலத்தில் நடமாடுகிற பாதிப் பிழைகள் தாமாக உதிர்ந்துவிடும். 'சாரி ஃபார் த லேட்' என்று எழுத முடியாது, ஏனென்றால் 'த' போட்டு அதற்குப் பின்னால் நிறுத்த அங்கே பெயர்ச்சொல் இல்லை. 'சாரி ஃபார் த டிலே' என்றால் சரி, 'சாரி ஃபார் த லேட் ரிப்ளை' என்றாலும் சரி, ஏனென்றால் இப்போது லேட்டுக்குப் பின்னால் 'ரிப்ளை' என்ற பெயர் வந்துவிட்டது. 'டியூ டு லேட்' கிடையாது. 'டோன்ட் மேக் லேட்' கிடையாது. 'லேட் பண்ணாதே' என்பதற்கு ஆங்கிலம் 'டோன்ட் பி லேட்', அவ்வளவுதான். அடுத்தவரைத் தாமதப்படுத்தாதே என்றால் 'டோன்ட் மேக் மீ லேட்' என்று யாரை என்பதையும் சேர்த்துச் சொன்னால் சரியாகிவிடும். 'ரீசன் ஃபார் லேட்' என்று வருகைப் பதிவேடுகளில் ஒரு கட்டமே அச்சடித்து வைத்திருப்பதைப் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். அங்கே 'ரீசன் ஃபார் டிலே' அல்லது 'ரீசன் ஃபார் லேட்னெஸ்' என்று இருக்க வேண்டும். இதில் இரண்டாவது சரியான ஆங்கிலம்தான், கொஞ்சம் விறைப்பாக இருக்கும்.

பள்ளிக்கூடத்துக் கடிதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'டியூ டு பஸ் லேட் ஐ கேம் லேட் டு த ஸ்கூல்.' இந்த வாக்கியத்தை எழுதாத தமிழ்ப் பிள்ளை இருக்க முடியாது. இதில் இரண்டு லேட் இருக்கிறது. இரண்டாவது லேட் சரி, அது 'கேம்' என்ற வினையோடு ஒட்டிக்கொண்டு 'தாமதமாக' என்ற வேலையைச் செய்கிறது. முதல் லேட்தான் தவறு. 'பஸ் லேட்' என்பது தமிழில் முழு வாக்கியம், நமக்கு 'இருக்கிறது' என்ற வினை தேவைப்படுவதில்லை. ஆங்கிலத்தில் பஸ்ஸுக்கும் லேட்டுக்கும் நடுவில் 'வாஸ்' இல்லாமல் அது வாக்கியம் ஆகாது. வாக்கியம் ஆனாலும் 'டியூ டு'வுக்குப் பின்னால் அதை ஒட்ட முடியாது. 'ஐ வாஸ் லேட் ஃபார் ஸ்கூல் பிகாஸ் த பஸ் வாஸ் லேட்' என்று எழுதினால் முடிந்தது. பஸ்ஸும் லேட், நானும் லேட், இரண்டுக்கும் தனித்தனியாக ஒரு 'வாஸ்'.

இப்போது 'ஐ காட் லேட்' பக்கம் வருவோம். இங்கே பலர் கேட்பது: 'ஐ காட் டயர்ட்' சரி, 'ஐ காட் ஆங்ரி' சரி, அப்படியானால் 'ஐ காட் லேட்' மட்டும் ஏன் தவறு? நியாயமான கேள்விதான். களைப்பும் கோபமும் ஆளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற விஷயங்கள், அதனால் அங்கே 'கெட்' பொருந்துகிறது. லேட் என்பது ஆளுக்குள் ஏறுவதில்லை. பத்து மணிக்கு வர வேண்டியவன் பத்து அடித்த பிறகு வந்தால் லேட், பத்துக்கு முன் வந்தால் லேட் இல்லை. குறித்த நேரம் ஒன்றை வைத்துத்தான் ஆளை லேட் என்கிறோம். ஆனால் பொழுது இருக்கிறதே, அது உண்மையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. ஆகவே 'இட்ஸ் கெட்டிங் லேட்' நல்ல ஆங்கிலம்: நேரமாகிறது, பொழுது போய்விட்டது, கிளம்பலாம். 'இட் காட் லேட், சோ வி ஸ்டேட் தேர்' என்பதும் நல்ல ஆங்கிலம். 'இட்' இருக்கும் இடத்தில் 'ஐ' போட்டால்தான் தகராறு. தமிழில் 'நேரமாச்சு', 'எனக்கு நேரமாச்சு' இரண்டுக்கும் இடையில் ஒரு 'எனக்கு' மட்டும்தான் வேறுபாடு. இரண்டிலும் ஆவது நேரம்தான், நான் இல்லை. அந்த 'எனக்கு'வை ஆங்கிலத்தில் 'ஐ' ஆக்கி எழுவாய் நாற்காலியில் உட்கார வைப்பதால் வருகிற வினைதான் 'ஐ ஆம் கெட்டிங் லேட்'. லேட் வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: லேட் யார், ஆளா, நேரமா? நேரம் என்றால் 'இட்' போட்டு, 'கெட்' தாராளமாக வரலாம். ஆள் என்றால் 'பி' (அதாவது ஆம், இஸ், வாஸ்) அல்லது 'ரன்'.

நேர்மையாக ஒன்று சொல்லிவிட வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ 'ஐ காட் லேட்' என்று நீங்கள் சொன்னால் எல்லோருக்கும் புரியும், யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. கோடிக்கணக்கானவர்கள் பேசுகிற இந்திய ஆங்கிலத்தில் அது ஊறிவிட்டது. நம் ஆட்களுக்குள் பேசும்போது திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை, திருத்துகிற ஆளைக் கண்டாலே எரிச்சல்தான் வரும். ஆனால் லண்டன் மேனேஜருக்கோ, ஐஇஎல்டிஎஸ் தேர்வில் பரிசோதகருக்கோ, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கோ எழுதும்போது அது காதில் நெருடும். யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பார்த்து எழுதுங்கள்.

அடுத்தது காலம். இதுதான் பலரும் கவனிக்காமல் விடுகிற இடம். வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லை, குறித்த நேரத்தில் போக முடியாது என்று தெரிந்துவிட்டது: 'ஐ ஆம் கோயிங் டு பி லேட்'. ஆட்டோவில் கிண்டி மேம்பாலத்தில் நிற்கிறீர்கள்: 'ஐ ஆம் ரன்னிங் லேட்'. இதைச் சொல்ல ஓட வேண்டியதில்லை, படுக்கையில் இருந்துகொண்டே கூடச் சொல்லலாம், பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். கூட்டம் நடக்கும் அறைக் கதவைத் திறந்து உள்ளே நுழைகிறீர்கள்: 'சாரி ஐ ஆம் லேட்'. இங்கே நமக்கு வாயில் வருவது இறந்தகாலம், ஏனென்றால் தமிழில் 'சாரி, லேட் ஆகிடுச்சு' என்போம். அதனால்தான் 'காட்' வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலக்காரருக்கோ நீங்கள் உள்ளே நுழைகிற அந்த நிமிடம் இன்னும் லேட்டாகத்தான் நிற்கிறீர்கள், அதனால் 'ஆம்'. கூட்டம் முடிந்து மாலையில் மெயிலில் மன்னிப்புக் கேட்டால்தான் 'சாரி ஐ வாஸ் லேட் திஸ் மார்னிங்'. காரணமும் சொல்ல வேண்டுமென்றால் 'ஐ காட் ஹெல்ட் அப் இன் டிராஃபிக்' என்று எழுதுங்கள். இங்கே 'காட்' தாராளமாக வரலாம், ஏனென்றால் உங்களை நிறுத்தி வைத்தது டிராஃபிக்.

எவ்வளவு லேட் என்பதை எங்கே போடுவது? ரயில் நிலைய அறிவிப்பில் 'இஸ் ரன்னிங் லேட் பை ஃபார்ட்டி மினிட்ஸ்' என்று கேட்டுக் கேட்டு, பிறகு வருகிற 'டீப்லி ரிக்ரெட்டட்' வரைக்கும் நமக்கு மனப்பாடம். 'லேட் பை' இலக்கணப்படி தவறில்லை. ஆனால் அன்றாடப் பேச்சில் அளவு முன்னால் வரும்: 'த ட்ரெயின் இஸ் ஃபார்ட்டி மினிட்ஸ் லேட்'. தமிழ் வரிசையும் இதுதான், நாற்பது நிமிடம் லேட். நம் வரிசையே சரியாக இருக்கும்போது அதைப் புரட்டிப்போட்டு எழுதுவது வீண் சிரமம். 'ஹி கேம் ஹாஃப் ஆன் அவர் லேட்' என்று வினைக்குப் பின்னாலும் அதே வரிசையில் வைக்கலாம்.

எதற்கு லேட் என்பதற்கு 'ஃபார்': லேட் ஃபார் ஒர்க், லேட் ஃபார் த மீட்டிங், லேட் ஃபார் டின்னர். போய்ச் சேர்வதைப் பற்றி என்றால் 'டு'வும் உண்டு, 'லேட் டு த மீட்டிங்' என்று அமெரிக்கர்கள் நிறையச் சொல்கிறார்கள், பிரிட்டனில் 'ஃபார்'தான் அதிகம். செய்ய வேண்டியதைச் செய்யத் தாமதித்தால் 'வித்': 'ஹி இஸ் லேட் வித் த ரென்ட்'. வாடகைக்கு 'ஃபார்' போட்டால் வாடகை ஏதோ ஒரு விழா மாதிரியும் இவர் அதற்கு நேரம் கழித்துப் போகிறார் என்றும் ஆகிவிடும். அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்கள் 'டார்டி' என்ற சொல்லைப் பார்ப்பார்கள், தாமதமாக வந்த பிள்ளைக்குக் கொடுக்கிற சீட்டுக்கு 'டார்டி ஸ்லிப்' என்று பெயர். பள்ளிக்கு வெளியே அந்தச் சொல்லை யாரும் அதிகம் பேசுவதில்லை.

பணம் கட்டுகிற இடங்களில் வரும் லேட் கொஞ்சம் தனி. 'லேட் பேமென்ட்' என்றால் பணம் தாமதமாக வந்தது. 'லேட் ஃபீ' என்றால் கட்டணம் தாமதமாக வரவில்லை, தாமதத்துக்காகக் கட்டணம். பிறப்பு இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அதற்கு மேல் 30 நாள் வரைக்கும் போனால் கட்டுவது லேட் ஃபீ. சட்டத்தில் அந்தப் பதிவின் பெயர் 'டிலேய்ட் ரெஜிஸ்ட்ரேஷன்'. வருமான வரிக் கணக்கைக் கெடு தாண்டித் தாக்கல் செய்தால் அது 'பிலேட்டட் ரிட்டர்ன்'. 'பிலேட்டட்' என்பது, வர வேண்டிய நேரம் தாண்டி வந்த காரியத்துக்கு, பெரும்பாலும் பெயருக்கு முன்னால் வைக்கிற சொல். முந்தாநாள் பிறந்தநாள் போனவருக்கு 'பிலேட்டட் ஹேப்பி பர்த்டே' என்கிறோம் இல்லையா, அதுதான். அங்கே 'லேட் பர்த்டே விஷஸ்' என்று எழுதினாலும் குற்றமில்லை, ஆனால் 'லேட்' பக்கத்தில் ஆள் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஹேப்பி பர்த்டே லேட் சுரேஷ்' என்றால் சுரேஷ் வீட்டில் சண்டைக்கு வருவார்கள்.

ஏன் வருவார்கள் என்பதுதான் கேள்வியின் கடைசிப் பகுதி, எனக்குப் பிடித்த பகுதியும் கூட. கல்யாணப் பத்திரிகைகளில் '(லேட்) திரு. இன்னார்' என்று அடைப்புக்குறிக்குள் போடுகிறோம். ஆங்கிலத்தில் இந்தப் பொருள் 15ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. அதற்கும் முந்தைய பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'மெதுவான, மந்தமான' என்றுதான் பொருள். பிறகு 'தாமதமான', பிறகு 'அண்மைக் காலத்தில் இருந்த', அங்கிருந்து 'அண்மையில் இறந்துபோன' என்று நகர்ந்து வந்தது. இந்த 'அண்மையில்' என்பதை மறக்காதீர்கள், கீழே வேலை இருக்கிறது.

இறந்தவரைக் குறிக்கும்போது லேட் பெயருக்கு முன்னால் மட்டும்தான் வரும். 'மை லேட் ஃபாதர்' சரி. 'மை ஃபாதர் இஸ் லேட்' என்றால் அப்பா இன்னும் வந்து சேரவில்லை, ஒருவேளை டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார். தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா பக்கத்து ஆங்கிலத்தில் 'ஹி இஸ் லேட்' என்றாலே இறந்துவிட்டார் என்று பொருள், அங்கே அது சாதாரணப் பேச்சு. மற்ற இடங்களில் கேட்பவர் குழம்பிப் போவார். அப்பா இறந்துவிட்டார் என்பதைச் சொல்ல 'மை ஃபாதர் பாஸ்ட் அவே இன் 2019' என்றோ 'மை ஃபாதர் டைட்' என்றோ நேராகச் சொல்வதுதான் வழி. 'எக்ஸ்பயர்ட்' வேண்டாம், அது மருத்துவமனைக் குறிப்பிலும் மருந்துப் பட்டையிலும் இருக்கட்டும்.

தமிழிலேயே இதற்கு ஒரு கைப்பிடி இருக்கிறது. 'காலஞ்சென்ற' என்று சொல்கிறோம். யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல்களில் 'காலஞ்சென்றவர்களான இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும்' என்று தொடங்கி வரிசையாக உறவுகள் போகும். 'காலஞ்சென்ற என் அப்பா' என்பது வரும், 'என் அப்பா காலஞ்சென்ற' என்று நிறுத்த முடியாது. பெயரெச்சத்துக்குப் பின்னால் பெயர் வந்தே ஆக வேண்டும். இறந்தவரைச் சொல்கிற லேட்டையும் அப்படி ஒரு பெயரெச்சமாகவே நினைத்துக்கொண்டால் அதைத் தப்பான இடத்தில் வைக்கவே மாட்டீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம், 'த'. நம் ஊரில் 'லேட் ஸ்ரீ', 'லேட் திரு' என்று மொட்டையாக எழுதுவது வழக்கம். ஆங்கிலத்தில் 'த லேட் மிஸ்டர் ராமநாதன்' என்று 'த' வேண்டும். 'மை', 'ஹர்' மாதிரி ஒன்று முன்னால் இருந்தால் 'த' தேவையில்லை: 'ஹர் லேட் ஹஸ்பண்ட்'. இங்கேயே ஒரு எச்சரிக்கை, விவாகரத்தான கணவர் 'எக்ஸ் ஹஸ்பண்ட்'. கோபத்தில் கூட அவரை லேட் ஆக்கக் கூடாது.

யாரை, எவ்வளவு காலத்துக்கு லேட் என்று சொல்வது? சட்டம் எதுவும் கிடையாது, வழக்கம் இருக்கிறது. இறந்தது அண்மையில், கேட்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம், அல்லது மரியாதைக்காக நினைவூட்ட வேண்டும் என்றால் போடலாம். 2015 ஜூலை 27 அன்று மறைந்த அப்துல் கலாமை 'த லேட் டாக்டர் கலாம்' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள், இயல்பாகத்தான் இருக்கிறது. 1921இல் மறைந்த பாரதியாரை 'த லேட் பாரதி' என்று யாராவது எழுதினால் நேற்றுவரை உயிரோடு இருந்தாரா என்று தோன்றும். சொந்த அப்பா அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, நாற்பது வருடம் கழித்தும் 'மை லேட் மதர்' என்று சொல்லலாம்.

செய்தி எழுதுகிறவர்கள் கவனிக்கிற நுணுக்கம் ஒன்று: உயிரோடு இருந்தபோது செய்த காரியத்தைச் சொல்லும் வாக்கியத்தில் லேட் போடுவதைத் தவிர்ப்பார்கள். 'த லேட் டாக்டர் கலாம் வாஸ் ஸ்வார்ன் இன் ஆஸ் பிரசிடென்ட் இன் 2002' என்றால் இறந்த பிறகு பதவியேற்ற மாதிரி ஆகிவிடுகிறது. பதவிப் பெயரோடு சேரும்போதும் இடிக்கும். அண்ணா 1969 பிப்ரவரி 3, எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24, ஜெயலலிதா 2016 டிசம்பர் 5, மூவரும் முதலமைச்சராக இருக்கும்போதே இறந்தவர்கள், அவர்களை 'த லேட் சீஃப் மினிஸ்டர்' என்பது கச்சிதமாகப் பொருந்தும். 2018 ஆகஸ்ட் 7 அன்று கருணாநிதி மறைந்தபோது அவர் முதலமைச்சர் பதவியில் இல்லை. அவரைப் பற்றி எழுதினால் 'ஃபார்மர் சீஃப் மினிஸ்டர், த லேட் எம். கருணாநிதி' என்று பதவிக்கு 'ஃபார்மர்', ஆளுக்கு 'லேட்' என்று பிரித்து வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு குறிப்பு. 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களின் முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயருக்குக் கீழே 'லேட் ஆஃப் த மெட்ராஸ் சிவில் சர்வீஸ்' என்கிற மாதிரி இருக்கும். அவர் இறந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பு அந்த வேலையில் இருந்தவர், அவ்வளவுதான்.

பள்ளிப் படிவத்துக்கு வருவோம். பெயர் என்ற கட்டத்தில் பெயர்தான் இருக்க வேண்டும். பான் அட்டை விண்ணப்பத்தில் பெயரோடு ஸ்ரீ, டாக்டர் மாதிரி அடைமொழி எதையும் சேர்க்காதே என்று குறிப்பே இருக்கிறது. லேட் என்று எழுதிவிட்டால் தட்டச்சு செய்கிறவர் அதையும் பெயரோடு சேர்த்து ஏற்றிவிடுவார், பிறகு ஒரு சான்றிதழில் 'லேட் கந்தசாமி', இன்னொன்றில் 'கந்தசாமி' என்று இருக்கும், இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்துகொண்டு அலைய வேண்டும். இருக்கிறாரா இல்லையா என்று தனியாகக் கட்டம் இருந்தால் அங்கே 'டிசீஸ்ட்' என்று எழுதுங்கள். படிவத்துக்கு அதுதான் சொல்.

சரி, இறப்பை விட்டு வெளியே வருவோம். எந்தக் காலப்பகுதியின் பிற்பாதியையும் லேட் என்று சொல்லலாம். 'லேட் மார்னிங்' என்றால் பதினொரு மணிவாக்கில், 'லேட் ஆஃப்டர்நூன்' என்றால் நான்கு மணிவாக்கில். 'லேட் ஜூலை' என்றால் ஜூலை இருபதுக்கு மேல். 'இன் ஜூலை லேட்' என்று திருப்பிப் போடுவது கிடையாது. 'லேட் நைட் வந்தேன்' என்று தமிழில் சொல்வதை 'ஐ கேம் லேட் நைட்' என்று எழுதாமல் 'ஐ கேம் ஹோம் லேட் அட் நைட்' என்று எழுதுங்கள். வயதுக்கும் உண்டு: 'ஷி இஸ் இன் ஹர் லேட் தர்ட்டீஸ்' என்றால் 37, 38, 39. ஆண்டுகளுக்கு 'த': 'இன் த லேட் எய்ட்டீஸ்' என்றால் 1986க்குப் பிந்தைய சில ஆண்டுகள். 'இன் ஹிஸ் லேட் எய்ட்டீஸ்' என்றால் எண்பத்தெட்டு வயதுத் தாத்தா. ஒரு 'த', ஒரு 'ஹிஸ்', இடையில் எவ்வளவு தூரம் பாருங்கள்.

அருங்காட்சியகத்தில் நடராசர் சிலைக்குக் கீழே 'லேட் சோழா' என்று எழுதியிருப்பதும் இந்த வகைதான், சோழர் காலத்தின் பிற்பகுதி, 12, 13ஆம் நூற்றாண்டு. ஆங்கில வரலாற்று நூல்களில் 'லேட்டர் சோழாஸ்' என்றால் பெரும்பாலும் 1070இல் முதலாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்த பிறகு ஆண்டவர்கள். தமிழில் 'பிற்காலச் சோழர்' என்றால் விஜயாலயனிலிருந்தே தொடங்கிவிடுகிறோம், ராஜராஜனும் அதில் வந்துவிடுவார். மொழிபெயர்க்கிறவர்கள் இங்கே நின்று யோசித்துவிட்டுப் போவது நல்லது.

'லேட்லி' என்பது 'லேட்டாக' இல்லை. 'ஹி கேம் லேட்லி' என்று எழுதினால் தாமதமாக வந்தான் என்று ஆகாது. லேட்லி என்றால் கொஞ்ச நாளாக, சமீப காலமாக: 'ஐ ஹேவ்ன்ட் சீன் ஹிம் லேட்லி'. 'லி' சேர்த்தால் 'ஆக' வந்துவிடும் என்ற பள்ளிக்கூடச் சூத்திரம் இங்கே கை விட்டுவிடும், லேட் தானே 'லேட்டாக' என்றும் வேலை செய்கிறது. ஒருமுறை நடந்து முடிந்ததற்கு 'ரீசன்ட்லி' போடுங்கள்: 'ஐ மெட் ஹிம் ரீசன்ட்லி'.

'லேட்டர்' என்பதை நாம் 'ஆஃப்டர்' என்று மாற்றிப் போடுகிறோம், 'அப்புறம் கூப்பிடுறேன்' என்பதை 'ஐ வில் கால் யூ ஆஃப்டர்' என்று. எதற்கு ஆஃப்டர் என்று கேட்டால் பதில் இல்லை. 'ஐ வில் கால் யூ லேட்டர்' தனியாக நிற்கும். இன்றிலிருந்து இரண்டு நாள் கழித்து என்றால் 'இன் டூ டேஸ்', ஏற்கெனவே சொன்ன ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் கழித்து என்றால் 'டூ டேஸ் லேட்டர்'. அப்புறம் 'லேட்டஸ்ட்': புத்தம் புதியது. 'லாஸ்ட்' என்றால் கடைசி, அல்லது இதற்கு முந்தையது. இரண்டுமே லேட்டின் பிள்ளைகள்தான், 'லாஸ்ட்' பழைய வடிவம், 'லேட்டஸ்ட்' பிறகு வந்தது. ஒரு எழுத்தாளரிடம் 'ஐ லைக்ட் யுவர் லாஸ்ட் புக்' என்றால் போன புத்தகமா, இனிமேல் எழுதவே வேண்டாம் என்கிறீர்களா என்று அவர் யோசிப்பார். 'லேட்டஸ்ட்' என்று சொல்லிவிடுங்கள். கெடு வைக்கும்போது 'பை ஃப்ரைடே அட் த லேட்டஸ்ட்': வெள்ளிக்கிழமையைத் தாண்டக் கூடாது.

'டூ லேட்' என்பதையும் 'வெரி லேட்' என்பதையும் குழப்புகிறார்கள். 'ரொம்ப லேட்' என்பதற்கு 'வெரி லேட்' போதும். 'டூ' போட்டால் இனிச் செய்து பயனில்லை என்று கதவைச் சாத்துகிறீர்கள். 'யூ ஆர் டூ லேட்' என்று வாடிக்கையாளருக்கு எழுதினால் அவர் விண்ணப்பத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டீர்கள் என்றுதான் அவர் நினைப்பார். ஒரு பெண் தோழியிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி 'ஐ ஆம் லேட்' என்றால் மாதவிடாய் தள்ளிப் போயிருக்கிறது என்று பொருள் கொள்வதுண்டு, ஆங்கிலத் தொடர்களில் இந்த வசனம் வந்தால் மீட்டிங்கைத் தேடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இது மேனேஜர் விஷயத்தில் உங்களுக்கு உண்மையிலேயே உதவும். இரவு இரண்டு மணி வரை ரிலீஸ் வேலை பார்த்துவிட்டு, காலை கூட்டத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டே 'ஐ ஸ்லெப்ட் லேட்' என்று நீங்கள் சொன்னால், நேரம் கழித்துத்தான் படுத்தேன் என்று சொல்வதாக நினைக்கிறீர்கள். அவர் காதில் விழுவது 'நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கி நேரம் கழித்து எழுந்தேன்' என்பது, ஏனென்றால் 'ஸ்லீப் லேட்' என்றால் அவர்களுக்குப் பெரும்பாலும் காலையில் தாமதமாக எழுவது. இராப்பகலாக உழைத்ததற்குச் சோம்பேறிப் பட்டம் எதற்கு? 'ஐ வாஸ் அப் லேட் ஒர்க்கிங் ஆன் த ரிலீஸ்' என்று எழுதுங்கள்.